எந்த இருக்கையில் அமர்வது? வகுப்பறைக்கும் கருத்தரங்குக்கும் புதியவர்களுக்கான வழிகாட்டி

புதிய வகுப்பறைக்குள்ளோ கருத்தரங்கக் கூடத்துக்குள்ளோ முதன்முதலாக நுழையும் ஒருவர், எங்கே உட்காருவது என்பதைப் பெரும்பாலும் வாசலிலிருந்து நாலடி எடுத்து வைப்பதற்குள் முடிவு செய்துவிடுகிறார். பையைக் கீழே வைத்த பிறகு அதைப் பற்றி அவர் மறுபடி யோசிப்பதில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில் பிடித்த இடம் அடுத்த நாளும் அதற்கடுத்த வாரமும் அவருடைய இடமாகவே நிலைத்து, பாடம் எவ்வளவு காதில் விழுகிறது, யாருடன் பழக்கம் ஏற்படுகிறது, சந்தேகம் வரும்போது கை உயர்கிறதா இல்லையா என்பவற்றையெல்லாம் ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் படிக்க வந்தவர்கள், முதல் கருத்தரங்குக்குச் செல்லவிருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். மற்றவர்கள் ஏன் குறிப்பிட்ட இடங்களை நாடுகிறார்கள் என்று புரிந்துகொண்டால், நமக்கான இடத்தைத் தற்செயலுக்கு விடாமல் தெரிந்தே தேர்ந்தெடுக்கலாம். உட்காரும் இடத்தை ஒருவருடைய குணத்தின் அடையாளமாகப் பார்க்காமல், அன்றைய தேவையைப் பொறுத்த முடிவாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதல் படி: கூடம் நிரம்புவதைக் கவனியுங்கள்

முதல் நாளில் பத்து நிமிடம் முன்னதாகச் சென்று, பின்பக்கச் சுவரோரம் நின்றபடி, வருகிறவர்கள் எங்கே அமர்கிறார்கள் என்று பாருங்கள். காலியான கூடத்துக்கு முதலில் வருபவர் பெரும்பாலும் வரிசையின் ஓரத்தில், இடைவழியை ஒட்டிய நாற்காலியில் உட்காருவார். இரண்டாவதாக வருபவர் அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்வது அரிது. வேறு வரிசைக்குப் போவார், அல்லது அதே வரிசையின் மறுமுனையைப் பிடிப்பார். ஓரங்கள் தீர்ந்த பிறகு வருபவர்கள் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அமர்வார்கள், அந்த இடைவெளியில் ஒரு பை வந்து உட்காரும். கூடத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் சேர்ந்த பிறகுதான், “இங்கே யாராவது வருகிறார்களா?” என்று கேட்கும் குரல் எழும், பைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். இத்தனை நேரமும் முன்வரிசையின் நடுப்பகுதி காலியாகவே கிடக்கும்.

இந்த ஒழுங்கை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, ஆனாலும் கூடத்துக்குக் கூடம் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் இடையில் விடும் தூரத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்டு ஹால், 1966-இல் வெளியிட்ட நூலில் அந்தத் தூரங்களை நான்காகப் பிரித்தார். சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வருவது மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் உரியது. அதிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கானது; 3.6 மீட்டர் வரை அலுவல் பேச்சுக்கானது. அதற்கு அப்பால் இருப்பது மேடைப் பேச்சின் தூரம். ஹால் இந்த அளவுகளைத் தம் நாட்டவர் சிலரைக் கவனித்தே வகுத்தார், பண்பாட்டுக்குப் பண்பாடு அவை மாறும் என்றும் கூறினார். எண்கள் மாறினாலும் அடிப்படை மாறுவதில்லை. கூடத்து நாற்காலிகள் ஒட்டி ஒட்டிப் போடப்பட்டிருப்பதால், பக்கத்து இருக்கையில் அமரும் அந்நியர் நெருங்கியவர்களுக்கு உரிய வட்டத்துக்குள் வந்துவிடுகிறார். அதைத் தள்ளிப்போடத்தான் ஒரு நாற்காலி இடைவெளியும், அதன் மேல் ஒரு பையும்.

நீங்கள் தயங்குவதைப் போலவே மற்றவர்களும் தயங்குகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் புதியவருக்கு உள்ள கூச்சத்தில் பாதி குறைந்துவிடும். இந்தப் பத்து நிமிடத்தின் முதல் பயன் அதுதான்.

இரண்டாம் படி: காரணங்களைப் பிரித்தறியுங்கள்

முன்வரிசையில் அமர்பவர் படிப்பாளி, மாப்பிள்ளை பெஞ்ச் என்று கேலியாகச் சொல்லப்படும் கடைசி வரிசையில் அமர்பவர் அக்கறையற்றவர் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இது பல சமயங்களில் அநியாயமான எண்ணம். ஒருவர் பின்னால் உட்காருவதற்கு, பாடத்தில் ஆர்வமின்மையைத் தவிர வேறு எத்தனையோ காரணங்கள் இருக்கக்கூடும். தனக்குப் பின்னால் யாரும் இல்லாதபோதுதான் சிலருக்கு மனம் அமைதியடைகிறது. புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தான் மறைவாக இருந்துகொண்டு எதிரே உள்ளதையெல்லாம் பார்க்க வாய்க்கும் இடங்களை மனிதர் இயல்பாகவே விரும்புகிறார். அவர் நிலக்காட்சிகளைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் முதுகுக்குச் சுவரும் கண்முன்னே முழுக் கூடமும் தரும் கடைசி வரிசை மூலைக்கு அந்த விவரணை அப்படியே பொருந்துகிறது. கூட்டத்தில் பதற்றப்படுபவர்கள், வேறு மொழியில் நடக்கும் பாடத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தடுமாறுபவர்கள், யாராவது திடீரென்று கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சுபவர்கள் அந்த மூலையை நாடுவதில் வியப்பில்லை.

இடைவழியோர இருக்கையை விரும்புபவர்களின் கணக்கு வேறு. நீண்ட கால்கள், முழங்கால் வலி, அடிக்கடி எழுந்து செல்ல வேண்டிய உடல்நிலை, வரக்கூடிய ஓர் அவசர அழைப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். யாரையும் எழுப்பாமல் வெளியேற முடியும் என்ற உறுதி கிடைத்தால்தான் அவர்களால் நிம்மதியாகக் கவனிக்க முடிகிறது. வலப்பக்கம் மட்டும் எழுதுபலகை பொருத்திய நாற்காலிகள் உள்ள கூடத்தில், இடக்கைப் பழக்கமுள்ளவர் வரிசையின் இடது ஓரத்தைத் தேடிப் போவார். அங்கே அமர்ந்தால்தான் அவருடைய முழங்கை யார் மீதும் இடிக்காது. ஜன்னலோரம் அமர்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் தேவைப்பட்டிருக்கலாம். ஏசி காற்று நேராகத் தலையில் இறங்கும் இடத்தைத் தெரிந்தே தவிர்ப்பவர்களும், மடிக்கணினியில் சார்ஜ் இல்லாததால் சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கும் மூலையைத் தேடுபவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட வலிமையான காரணம் பெரும்பாலும் தெரிந்த முகம்தான். புதிய கூடத்தில் ஏற்கெனவே அறிமுகமான ஒருவர் இருந்தால், அவர் எந்த வரிசையில் இருந்தாலும் அங்கேயே போய் அமர்கிறோம். துணை கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பொருந்திய இடம் நமக்கும் பொருந்துமா என்று அப்போது நாம் கேட்பதில்லை. புதியவர்கள் தங்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்காமலே இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாம் படி: இன்று உங்களுக்கு வேண்டியது என்ன?

உட்காருவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஒரு மணி நேரத்தில் நான் முக்கியமாக என்ன செய்யப்போகிறேன்? கடினமான பாடத்தைக் கூர்ந்து கேட்கப்போகிறேனா, விவாதத்தில் பேசப்போகிறேனா, குறிப்பெடுக்கப்போகிறேனா, அறிமுகம் தேடி வந்திருக்கிறேனா, இடையில் எழுந்து செல்ல வேண்டியிருக்குமா? இவை ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான இடம் வேறு. எல்லாத் தேவைக்கும் ஒரே நாற்காலி பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே கருத்தரங்கில் காலை அமர்வுக்கு ஓர் இடமும் பிற்பகல் அமர்வுக்கு வேறோர் இடமும் சரியாக இருக்கலாம்.

நான்காம் படி: பேசுபவரின் பார்வை எங்கே விழுகிறது?

நாற்காலிகள் நேர்வரிசையில் போடப்பட்ட வகுப்பில், ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் இடையே நடக்கும் பேச்சு கூடம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் ஆகிய இருவரும் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து 1970-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கேள்வி பதில்களில் பெரும்பகுதி முன்வரிசையில் இருப்பவர்களோடும், கூடத்தின் நடுவில் முன்னிருந்து பின்னோக்கிச் செல்லும் பத்தியில் இருப்பவர்களோடும் நடந்தது. மேலிருந்து பார்த்தால், குறுக்கே ஒரு கோடும் அதன் நடுவிலிருந்து இறங்கும் இன்னொரு கோடுமாக அந்தப் பகுதி தெரியும். அதற்கு முன்பே, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சாமர் 1960-களில் செய்த ஆய்வுகளிலும், முன்வரிசையில் இருப்பவர்கள் பின்வரிசையினரைவிடவும், நடுவில் இருப்பவர்கள் ஓரத்தில் இருப்பவர்களைவிடவும் அதிகம் பேசினார்கள்.

காரணம் எளியது. கூடத்தின் முன்னால் நிற்பவர் பேசும்போது அவருடைய கண் இயல்பாக நேர் எதிரே விழுகிறது. இரு ஓரங்களையும் பார்க்க அவர் தலையைத் திருப்ப வேண்டும். கண்ணோடு கண் சந்தித்தவர் தலையசைக்கிறார், அந்தத் தலையசைப்பு பேசுபவருக்குத் தெம்பு தருகிறது, அவர் மீண்டும் அங்கேயே பார்க்கிறார். சில நிமிடங்களுக்குள் அவர் அறியாமலே அந்தச் சிலரோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பார். இதில் பாரபட்சம் பார்க்கும் எண்ணம் எதுவும் இல்லை. பாடம் நடத்திப் பழகிய எவருக்கும் இது நேர்ந்திருக்கும்.

புதியவர் இதிலிருந்து பெற வேண்டியது இதுதான். பேச விரும்பினால், கேள்வி கேட்கும் துணிவை வளர்த்துக்கொள்ள விரும்பினால், நடுப்பத்தியில் இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில் அமருங்கள். முதல் வரிசையிலேயே அமர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாவது வரிசை பெரும்பாலான அறைகளில் ஆசிரியரிடமிருந்து நாலைந்து மீட்டருக்குள்தான் இருக்கும். அங்கிருந்து முகபாவம் தெரியும், குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்கலாம், முன்னால் இருப்பவர்களின் முதுகு ஒரு சிறு மறைப்பையும் தரும். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க விரும்பும் நாளில், அதே மூன்றாவது வரிசையில் பக்கவாட்டில் நான்கு நாற்காலி நகர்ந்தால் போதும். பாடத்துக்கு அருகிலேயே இருப்பீர்கள், பார்வையின் மையத்திலிருந்து சற்று விலகியும் இருப்பீர்கள். கூச்சமுள்ளவர்கள் கடைசி வரிசைக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்தாம் படி: மேசையைச் சுற்றி அமரும் கூட்டங்கள்

கருத்தரங்க மேசையிலும் ‘ப’ வடிவ அமைப்பிலும் முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே இல்லை. ஆகவே எல்லா இடமும் ஒன்றுதான் என்று தோன்றும். அப்படியல்ல. சாமர் கவனித்த சிறு கருத்தரங்குகளில், பயிற்றுநருக்கு நேர் எதிரே அமர்ந்தவர்கள் பக்கவாட்டில் இருந்தவர்களைவிட அதிகம் பேசினார்கள். பயிற்றுநருக்கு இரு புறமும் ஒட்டியுள்ள நாற்காலிகளை மாணவர்கள் தவிர்த்தார்கள். வேறு இடமின்றி அங்கே அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. தலைவருக்கு மிக அருகில் இருப்பவருக்கே செல்வாக்கு அதிகம் என்று நினைத்து அந்த நாற்காலியைப் பிடிப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தலைவர் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது, அவரும் தலைவரைப் பார்க்கத் திரும்ப வேண்டியிருக்கிறது; பேச்சு அவர்கள் இருவருக்கும் முன்னால், மேசையின் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே செய்தியை 1950-இல் பெர்னார்டு ஸ்டைன்சர் வேறொரு வழியில் கண்டார். வட்டமாக அமர்ந்து பேசும் குழுக்களில், ஒருவர் பேசி முடித்ததும் அடுத்துப் பேசத் தொடங்குபவர் பெரும்பாலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவராக இல்லாமல் எதிரே இருப்பவராக இருந்தார். எதிரே இருப்பவருக்கே பேசுபவரின் முகமும் கையசைவும் முழுமையாகத் தெரிகின்றன. ஆகவே மறுமொழியும் அங்கிருந்தே பிறக்கிறது. ஆனால் 1957-இல் வந்த இன்னோர் ஆய்வு ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. குழுவை இறுகப் பிடித்து நடத்தும் வலுவான தலைவர் இருந்தால், உறுப்பினர்கள் எதிரே இருப்பவர்களைவிடப் பக்கத்தில் இருப்பவர்களோடுதான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். கண்டிப்பான தலைமையில் நடக்கும் கூட்டங்களில், கேட்கவேண்டிய கருத்துகள் பக்கத்துக் காதுகளுக்குள் கிசுகிசுப்பாகப் போய்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது.

எனவே மேசையைச் சுற்றி அமரும் கூட்டத்துக்குப் போகும்போது, தலைமை வகிப்பவர் எங்கே அமர்வார் என்பதை முதலில் கண்டுகொள்ளுங்கள். பெரும்பாலும் திரைக்கோ வெண்பலகைக்கோ அருகே, தண்ணீர் பாட்டிலும் தாள்கட்டும் வைத்திருக்கும் இடம் அது. நீங்கள் ஒரு கருத்தை வலியுறுத்த வந்திருந்தால் அவருக்கு எதிரே, நேர் எதிரே கிடைக்காவிட்டால் எதிர்ப்புறத்தில் சற்று விலகி அமருங்கள். மற்றொருவரோடு கருத்து மோதல் வரும் என்று முன்பே தெரிந்தால் அவருக்கு நேர் எதிரே அமர்வதைத் தவிருங்கள். மேசையின் ஒரே பக்கத்திலோ, மூலையை ஒட்டிச் செங்கோணமாகவோ அமர்ந்தால் அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் உடனே மறுமொழி கூறத் தூண்டும் நிலை குறையும், பேச்சும் சூடேறாது. முதல் கூட்டத்திலேயே பேச விரும்பாதவர்கள், தலைவர் அமர்ந்திருக்கும் அதே பக்கத்தில், அவரிடமிருந்து இரண்டு மூன்று நாற்காலி தள்ளி அமரலாம். அங்கே அவருடைய பார்வை எளிதில் வராது.

ஆறாம் படி: காது, கண், பிறர் திரைகள்

ஒலியின் விதி இதில் முக்கியமானது. திறந்தவெளியில், பேசுபவரிடமிருந்து உள்ள தூரம் இரு மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. மூடிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் குறைவு அவ்வளவு இருக்காது. ஆனால் பின்னே போகப்போக நேரடிக் குரல் மங்கி எதிரொலி மேலோங்குவதால், ஒலி கேட்டாலும் சொற்கள் குழம்பும். மைக் இல்லாத அறையில் கடைசி வரிசையில் அமர்ந்து, பாடம் கடினமாக இருக்கிறது என்று வருந்துபவர்களில் சிலருக்கு உண்மையில் கடினமாக இருப்பது பாடமே அன்று, கேட்பதுதான். மைக் உள்ள கூடத்தில் நிலைமை மாறும். அங்கே ஒலிபெருக்கிக்கு மிக அருகில் அமர்ந்து காது வலியுடன் திரும்புவதைவிட நடுவரிசைகளே நல்லது.

ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர்கள், நன்றாகக் கேட்கும் காது பேசுபவரை நோக்கி இருக்கும்படி அறையின் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்கள், பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அவர் முகம் இருட்டாகத் தெரியும். வெண்பலகையில் விளக்கின் பளபளப்பு விழும் கோணம் ஒன்று எல்லா அறைகளிலும் இருக்கும். அமர்ந்ததும் பலகையின் இரு ஓரங்களையும் அதன் அடிப்பகுதியையும் படித்துப் பாருங்கள். முன்னால் இருப்பவரின் தலை மறைப்பது பெரும்பாலும் அடிப்பகுதியைத்தான், கணக்கின் விடை எழுதப்படுவதும் அங்கேதான்.

பின்வரிசைகளுக்கு இன்று ஒரு புதிய சிக்கலும் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முன்னால் உள்ள அத்தனை மடிக்கணினித் திரைகளும் தெரியும். கனடாவில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பாடத்தின்போது வேறு வேலைகளையும் மடிக்கணினியில் பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது எதிர்பார்த்ததே. ஆனால் அப்படிப்பட்ட திரைகள் கண்ணில் படும் இடத்தில், தாளில் குறிப்பெடுத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களின் மதிப்பெண்ணும் சுமார் 17 சதவீதம் குறைந்தது. தான் எந்தத் தவறும் செய்யாமல் இடத்தின் காரணமாக மட்டும் ஒருவர் இழக்கும் இழப்பு இது. பின்னால்தான் அமர வேண்டும் என்றால், உங்களுக்கும் மேடைக்கும் இடையே உள்ள நேர்கோட்டில் திறந்த திரைகள் குறைவாக இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

ஏழாம் படி: இடம் மதிப்பெண் தருமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதே. கோல்மன் கிரிஃபித் 1921-லேயே, மாணவர்கள் அகரவரிசைப்படி அமர்த்தப்பட்ட வகுப்புகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து, நடுப்பகுதியில் இருந்தவர்கள் சற்று மேலே இருப்பதைக் கண்டார். முன்னால் அமர்பவர்கள் ஏற்கெனவே ஊக்கமுள்ளவர்கள், அதனால்தான் நன்றாகப் படிக்கிறார்கள், இருக்கைக்கு இதில் பங்கில்லை என்ற வாதம் இயல்பாகவே எழும். அதைச் சோதிக்க ஒரே வழி, விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்குவது. கேத்தரின் பெர்கின்ஸும், 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெரிய இயற்பியல் வகுப்பு ஒன்றில் அப்படிச் செய்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். பருவத்தின் பாதியில் முன்னும் பின்னும் இடம் மாற்றிய பிறகும், தொடக்கத்தில் பின்னால் அமர்த்தப்பட்டவர்களின் வருகையும் மதிப்பெண்ணும் குறைவாக இருந்தன. அவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, முன்னால் தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. ஆனால் 2007-இல் ஓர் உயிரியல் வகுப்பில் நடந்த ஆய்வு, இருக்கைக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. அறையின் அளவு, பாடம் நடத்தும் முறை, ஆசிரியர் வரிசைகளுக்கு இடையே நடந்து வருகிறாரா என்பவை வகுப்புக்கு வகுப்பு வேறுபடும்போது முடிவும் வேறுபடுவது இயல்பே.

என்னைக் கேட்டால், 2005 ஆய்வில் மனத்தில் இருத்த வேண்டியது, தொடக்க வாரங்களின் தாக்கம் இடம் மாறிய பிறகும் நீடித்தது என்பதைத்தான். இருக்கை அறிவைத் தராது. ஆனால் முதல் சில வாரங்களில் பாடத்தோடும் ஆசிரியரோடும் உண்டாகும் நெருக்கம் பிறகு தானாகவே நம்மைச் சுமந்து செல்கிறது. ஆகவே வேறு எதில் சலுகை எடுத்துக்கொண்டாலும், முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமாவது கூடத்தின் முன்பாதியில் அமருங்கள் என்று புதியவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

எட்டாம் படி: பிடித்த இடம் உறைந்துபோகும் முன்

யாரும் இடம் ஒதுக்காத வகுப்புகளிலும், இரண்டு மூன்று அமர்வுகளுக்குள் எல்லோருக்கும் ‘என் இடம்’ என்று ஒன்று அமைந்துவிடுகிறது. வேறொருவர் அங்கே அமர்ந்திருந்தால் சின்னதாக ஒரு மனத்தாங்கல் வரும். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. எங்கே உட்காருவது, யார் பக்கத்தில் இருப்பார், பலகை எப்படித் தெரியும் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒருமுறை விடை கண்டுவிட்டால் ஒவ்வொரு நாளும் புதிதாக யோசிக்கத் தேவையில்லை. மனம் பாடத்துக்கு முழுதாகக் கிடைக்கிறது. பழகிய இடம் தரும் நன்மை உண்மையானது. சிக்கல் என்னவென்றால், தவறாகப் பிடித்த இடமும் இதே வேகத்தில் பழகிவிடுகிறது.

ஆகவே முதல் வாரத்தில் வேண்டுமென்றே இடம் மாறி அமருங்கள். ஒரு நாள் நடுப்பத்தி, ஒரு நாள் பக்கவாட்டு, ஒரு நாள் சற்றுப் பின்னால் என்று மாறி, ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். எந்த இடத்தில் எழுதியது முழுமையாக இருக்கிறது, எங்கே பாதியில் நின்றுபோன வாக்கியங்கள் அதிகம் என்பது அதிலேயே தெரியும். முன்னால் அமர அச்சமாக இருப்பவர்கள் ஒரே நாளில் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்குத் தாவ வேண்டாம். வாரத்துக்கு ஒரு வரிசை முன்னேறினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது உறுத்தாது, உங்களுக்கும் பழகும். பழகிய நண்பரை விட்டு நகர்வது சங்கடமாக இருந்தால், “பலகை சரியாகத் தெரியவில்லை, முன்னால் போவோமா?” என்று அவரையும் அழைத்துச் செல்லுங்கள். இருவரும் சேர்ந்து நகர்ந்தால் அது விலகலாகத் தோன்றாது.

உங்களுடைய இடத்தில் இன்னொருவர் அமர்ந்திருந்தால், எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். பெயர் எழுதி ஒதுக்கப்படாத இருக்கை யாருக்கும் சொந்தமில்லை. உடல்நிலை காரணமாக அந்த இடமே வேண்டும் என்றால் மட்டும் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் மிகச் சிலரே. தொடர்ந்து அந்தத் தேவை இருக்குமானால், ஆசிரியரிடமோ கருத்தரங்கை ஏற்பாடு செய்பவரிடமோ முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது. நீங்கள் இடைவழியோரத்தில் அமர்ந்திருக்கும்போது தாமதமாக வருபவர் உள்ளே செல்ல வேண்டியிருந்தால், முழங்காலை மட்டும் மடக்காமல் எழுந்து வழிவிடுங்கள். நீங்களே தாமதமாக வரும் நாளில் முன்வரிசைக்குச் செல்ல முயலாமல் பின்பக்க ஓரத்தில் அமர்ந்து, இடைவேளை வந்ததும் முன்னால் மாறிக்கொள்ளுங்கள். கருத்தரங்குகளில் இடைவேளைதான் இடம் மாறுவதற்கு ஏற்ற நேரம். பலர் எழுந்து போய்த் திரும்பும் அந்தச் சில நிமிடங்களில் யார் எங்கே இருந்தார் என்பதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.